நாடு வாழத் திட்டம் கண்ட அண்ணல்

அண்ணல் அம்பேத்கர் அவர்களை அரசியல் சட்டச் சிற்பி என்று போற்றாத மேடை இல்லை. தீண்டாமையை எதிர்த்து நின்ற தீரர் என்றும், புத்த நெறி தழுவிய பெருந்தகை என்றும் நம் இல்லங்களில் சிறு குழந்தைகளும் அறியும். ஆயினும் அவர் ஒரு பொருளாதார மேதை என்பதும், இந்திய நாடு முழுமைக்கும் நீண்டகால நோக்குடன் திட்டம் வகுத்த முன்னோடிகளுள் ஒருவர் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிலைகளில் அவர் கையிலுள்ள நூலை நாம் காண்கிறோம். அதே கை நான்கு ஆண்டுக் காலம் ஆறுகளின் வரைபடங்களையும், மின்சார உற்பத்திக் கணக்குகளையும், தொழிலாளர் காப்பீட்டு அறிக்கைகளையும் புரட்டிய கை என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இருபத்தைந்து ஆண்டு நிறைவு காணும் நம் கல்விக் கழகத்தின் இம்மலரில், பிற மலர்கள் அதிகம் தொடாத அப்பகுதியையே எழுத முற்பட்டோம்.

அண்ணல் 1891ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 14ஆம் நாள் மத்திய இந்தியாவிலுள்ள மாவ் இராணுவக் குடியிருப்பில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார், தாயார் பீமாபாய். பதினான்கு மக்களுள் இவரே கடைக்குட்டி. இளமைத் துன்பங்களை விரித்துரைக்க இங்கே இடமில்லை; நம்மவர்க்கு அவை புதியவையும் அல்ல. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். தந்தையார் வேலை பார்த்த கோரேகாவுக்குச் சிறுவர்கள் தாமே புறப்பட்டுச் சென்றனர். மசூர் இரயில் நிலையத்தில் இறங்கி மாட்டு வண்டியில் போகையில், இன்ன சாதிப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வழியெங்கும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பார் இல்லை. கூடையில் உணவிருந்தும், குடிக்க நீரில்லாமையால் உண்ண இயலாது இரவைக் கழித்தனர். பள்ளியிலும் பணியாள் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். அவன் வராத நாளில் தாகத்தோடே வீடு திரும்ப வேண்டும். இப்பிள்ளைதான் பின்னாளில் தாமோதர் ஆற்றுக்கும் மகாநதிக்கும் திட்டம் வகுத்தவர்.

மேற்படிப்பில் அவர் தேர்ந்துகொண்ட துறை பொருளாதாரம். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அளித்த உதவித் தொகையுடன் 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் பயின்றார். 1916இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித் தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அவ்வாண்டே இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

அக்கட்டுரையைச் சற்று நின்று பார்ப்பது நலம். உழவன் வறுமைக்குக் காரணம் நிலம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதே என்றும், அவற்றை ஒன்று சேர்த்துவிட்டால் போதும் என்றும் அந்நாளைய அறிஞர் பலர் கருதினர். அண்ணல் அவ்வாறு கருதவில்லை. நிலத்தின் அளவு மட்டுமே அதன் பயனை முடிவு செய்வதில்லை. அதில் இடும் முதலும், உழைப்பும், கருவியும் எவ்வளவு என்பதைப் பொறுத்தே அது சிறிதா பெரிதா என்று சொல்ல முடியும். வேறு தொழில் இல்லாமையால் தேவைக்கு மேற்பட்ட மக்கள் அனைவரும் நிலத்தையே நம்பிக் கிடக்கின்றனர். அவர்களில் பலருக்கு ஆண்டின் பெரும்பகுதி வேலையே இல்லை. ஆகவே நிலத்தின் நோய்க்கு மருந்து நிலத்திற்கு வெளியே, தொழில் வளர்ச்சியில் இருக்கிறது என்று அவர் முடித்தார். நிலமற்ற கூலிகளாய் வாழ்ந்த நம் மக்களின் நிலையை அறிந்தவர் எழுதிய கட்டுரை அது. ஆயினும் அதில் ஒரு புலம்பலும் இல்லை. எல்லாம் கணக்கு.

மீண்டும் இலண்டன் சென்று, 1923இல் ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வுக்காக டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி வளர்ச்சி பற்றிய நூல் 1925இல் வெளிவந்தது. இந்திய நாணயம் குறித்து விசாரிக்க வந்த ஹில்டன் யங் குழுவின் முன்னும் அவர் சாட்சியம் அளித்தார். ரிசர்வ் வங்கி அவருடைய நூலை வைத்தே கட்டப்பட்டது என்று நம்மவரிற் சிலர் மேடையில் முழங்குவதுண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அவ்வங்கிக்கு வழிகோலிய விவாதத்தில் அவர் குரலும் இருந்தது. அதுவே பெரும் பெருமை. இல்லாததைச் சேர்த்துப் புகழ வேண்டிய நிலையில் அண்ணல் இல்லை.

1927இல் மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீரருந்தி உரிமையை நிலைநாட்டியதும், சுதந்திரத் தொழிலாளர் கட்சி கண்டு பம்பாய்ச் சட்டசபைக்குச் சென்றதும், அங்கு 1937இல் கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொணர்ந்ததும் யாவரும் அறிந்தவை. நாம் சொல்ல வந்த கதை 1942இல் தொடங்குகிறது.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில், சென்னை தந்த தலைவர் என். சிவராஜ் அவர்கள் தலைமையில் நாகபுரியில் கூடிய மாநாட்டில் அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பு பிறந்தது. அதே திங்களில் அண்ணல், வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். தொழிலாளர் துறை என்ற பெயரைக் கண்டு மயங்கலாகாது. நீர்ப்பாசனம், மின்சாரம், பொதுப்பணி, சுரங்கம் ஆகியவையும் அத்துறையின் கீழேயே இருந்தன. போர் நடந்துகொண்டிருந்த காலம். போருக்குப் பின் நாட்டை எவ்வாறு புனரமைப்பது என்று ஆராய அரசு குழுக்களை அமைத்தது. 1938இலேயே காங்கிரசு, நேரு தலைமையில் தேசியத் திட்டக் குழு ஒன்றை அமைத்திருந்தது. 1944இல் தொழிலதிபர்கள் பம்பாய்த் திட்டத்தை வெளியிட்டனர். திட்டம் என்பது அன்று எல்லார் வாயிலும் வழங்கிய சொல். ஆனால் அரசுக் கோப்பில் கையெழுத்திடும் இடத்தில், நீரையும் மின்சாரத்தையும் கையில் வைத்திருந்தவர் அண்ணல்.

மின்சாரம் பற்றிய கொள்கைக் குழு 1943 அக்டோபரில் கூடியபோது தலைமையேற்ற அவர் கேட்ட கேள்வி, பொறியாளர்கள் எதிர்பாராத கேள்வி. மின்சாரத்தை எப்படி உற்பத்தி செய்வது என்பதற்கு முன், எதற்காக என்று தெளிய வேண்டும் என்றார். வறுமையின் பிடியிலிருந்து மக்களை மீட்கத் தொழில் வளர்ச்சி வேண்டும். அதற்கு மின்சாரம் மலிவாகவும் நிறைவாகவும் கிடைக்க வேண்டும். ஆதலால் அது தனியார் இலாபத்துக்குரிய சரக்காக இருக்கலாமா, அரசின் பொறுப்பாக இருக்க வேண்டுமா என்பதை ஆராய வேண்டும் என்று வழிகாட்டினார். 1918இல் எழுதிய கட்டுரையின் முடிவு, இருபத்தைந்து ஆண்டு கழித்து ஆட்சிக் கொள்கையாகப் புகுந்ததை நாம் இங்கே காண்கிறோம்.

அதே 1943ஆம் ஆண்டு ஜூலையில் தாமோதர் ஆறு கரையுடைத்துப் பாய்ந்தது. பெருஞ்சாலையும் இரயில் பாதையும் அறுந்தன. கல்கத்தா நகரம் பிற பகுதிகளினின்று துண்டிக்கப்பட்டது. வங்கத்தில் பெரும் பஞ்சம் தலைவிரித்தாடிய ஆண்டும் அதுவே. பர்துவான் மகாராஜா தலைமையில் வங்க அரசு ஒரு குழு அமைத்தது. விஞ்ஞானி மேகநாத் சாகா அதில் ஓர் உறுப்பினர். அமெரிக்காவின் டென்னசிப் பள்ளத்தாக்கில் 1933 முதல் நடந்துவந்த முறையை அக்குழு எடுத்துக்காட்டியது. ஓர் ஆற்றை ஊற்றுக்கண் முதல் கடல்வாய் வரை ஒரே குடும்பமாக எண்ணி, வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து ஆகிய அனைத்தையும் ஓர் அமைப்பின் கீழ் நடத்துவதே அம்முறை.

இதில் இடையூறு என்னவெனில், தாமோதர் பீகாரில் பிறந்து வங்கத்தில் பாய்வது. அணைக்கு நிலம் கொடுப்பவர் ஒருவர். வெள்ளத்தினின்று தப்புகிறவர் மற்றொருவர். இரு மாகாணங்களும் நடுவணரசும் ஒருமனப்பட்டால் அன்றி ஒரு கல்லும் நடமுடியாது. 1945 ஜனவரியிலும் ஆகஸ்டிலும் அவர்களைக் கூட்டி வைத்து அண்ணலே தலைமை தாங்கினார். டென்னசி அமைப்பில் பணிபுரிந்த பொறியாளர் வூர்டுவின் 1945இல் முதல் திட்டக் குறிப்பை அளித்தார். பத்து இலட்சம் கனஅடி வெள்ளம் வந்தாலும் தாங்கும் வண்ணம் எட்டு அணைகள் அதில் காட்டப்பட்டன. இவ்வழியே 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் சட்டப்படி நிறுவப்பட்டது.

1945 நவம்பர் 8ஆம் நாள் கட்டாக்கில் ஒரிசா ஆறுகளைப் பற்றி ஒரு மாநாடு கூடியது. அங்கும் அண்ணலே தலைவர். ஆண்டுதோறும் மகாநதி பெருகி ஊர்களை அழித்தது. நீர் வடிந்தபின் பஞ்சமும் காய்ச்சலும் தொடர்ந்தன. முன்னர் அமைந்த குழுக்கள் வெள்ளத்தைப் பகையாகக் கருதி, அதைக் கடலுக்கு ஒழுங்காக வடித்துவிடும் வழியையே தேடின. அண்ணல் அந்நோக்கையே மறுத்தார். நீர் மிகுவது தீமையன்று. மனிதன் நீர் மிகுந்து பட்ட துன்பத்தினும் நீரின்றிப் பட்ட துன்பமே அதிகம். இயற்கை நீரை எல்லாக் காலத்தும் எல்லா இடத்தும் ஒரே அளவாகத் தருவதில்லை. ஆகவே கடலுக்கு ஓட்டாமல் ஆங்காங்கே தேக்கிப் பொதுச் செல்வமாகப் பேண வேண்டும் என்பது அவர் கருத்து. மசூர் வண்டிப் பாதையில் நா வறண்டு கிடந்தவர் இதைச் சொல்வதற்கு எவருக்கும் குறையாத தகுதி உடையவர்.

ஓரிரு அணையோடு அவர் நின்றுவிடவில்லை. நாட்டின் ஆறுகளை ஆய்ந்து திட்டமிட 1945இல் மத்திய நீர்வழி, பாசன, கப்பற்போக்குவரத்து ஆணையம் அமைந்தது. அதற்கு முன்பே, 1944இல் மத்திய மின்நுட்ப வாரியம் அமைந்தது. முன்னதன் வழியில் வந்ததே இன்றைய மத்திய நீர் ஆணையம். ஆட்சியிலிருப்போர் மாறினும் ஆய்வும் அளவெடுப்பும் தடைப்படாமல் நடக்கத்தக்க நிலையான அமைப்புகள் வேண்டும் என்பதில் அவர் உறுதியாயிருந்தார்.

அணையும் மின்சாரமும் மட்டுமே திட்டம் ஆகிவிடுமா? அக்காலத்துத் தொழிலாளர் கூட்டமொன்றில் அவர் தெளிவாக்கியது இதுதான்: திட்டம் எதுவாயினும் அது எளிய மனிதனுக்குப் புரியும் பொருளாக மாறி வர வேண்டும், வீடாக, உடையாக, கல்வியாக, உடல்நலமாக, தலைநிமிர்ந்து நடக்கும் உரிமையாக அவன் கைக்கு வந்து சேர வேண்டும். இதை அவர் பேச்சோடு விடவில்லை. அரசும் முதலாளியும் தொழிலாளியும் ஒன்றாக அமர்ந்து பேசும் முத்தரப்பு மாநாட்டை 1942 ஆகஸ்டில் கூட்டினார். தொழிலாளர் நோய்க் காப்பீடு பற்றிப் பேராசிரியர் அதார்க்கர் 1944இல் அறிக்கை அளித்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்கு நல நிதி ஏற்பட்டது. 1946இல், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளின் வார வேலைநேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலி மசோதாவையும் அவ்வாண்டு ஏப்ரலில் அவரே சபையில் வைத்தார். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் பாபு ஜெகஜீவன்ராம். காப்பீட்டுச் சட்டமும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் 1948இல் நிறைவேறின. அரசியலில் எதிரெதிர் முகாம்களில் நின்ற இவ்விருவரும் ஒரே பணியின் இரு பகுதிகளைச் செய்து முடித்தனர் என்பது நம் மக்கள் நினைவில் வைக்கத் தக்கது.

குறை சொல்ல இடமில்லாத காலம் அது என்று நாம் எழுத மாட்டோம். போர்க்காலத்தில் நிலக்கரித் தேவையைக் காட்டி, பெண்கள் சுரங்கத்தினுள் இறங்கி வேலை செய்வதற்கு இருந்த தடையை அவர் துறை 1943இல் தளர்த்தியது. கடும் கண்டனம் எழுந்தது. 1946இல் தடை மீண்டும் வந்தது.

நம் கல்விக் கழகத்தார் குறிப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பதவியேற்ற சில திங்களுக்குள், 1942 அக்டோபரில், தாழ்த்தப்பட்டோர் குறைகளை விளக்கி வைசிராயிடம் ஒரு விண்ணப்பம் அளித்தார். அதில், கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம் பிள்ளைகளை உயர்த்திவிட மாட்டா. விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் கற்க வேண்டும். அப்படிப்பு செலவு மிக்கது, ஆதலால் அரசே பொருள் தர வேண்டும் என்று வாதாடினார். அவரே சட்டம் பயின்றவர்! அணைகளும் மின்நிலையங்களும் எழப்போகும் நாட்டில் அவற்றைக் கட்டும் பொறியாளராக நம் பிள்ளைகள் இருக்கப் போகிறார்களா, மண் சுமக்கும் கூலிகளாகவே இருக்கப் போகிறார்களா என்னும் கேள்வி அவ்விண்ணப்பத்தினுள் அடங்கியிருப்பதாகவே நாம் படிக்கிறோம். 1944இல் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான கல்லூரி உதவித் தொகைத் திட்டம் தொடங்கிற்று. நம் கழகத்தின் நிழலில் படித்து வெளியேறிய மாணவர் பலர் கல்லூரிக் கட்டணத்தை அத்தொகையைக் கொண்டே செலுத்தினர்.

1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். 1946இன் நடுவில் நிர்வாகக் குழுவினின்று விலகினார். பின்னர் 1947 மார்ச்சில், கூட்டமைப்பின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்கென அவர் எழுதிய விண்ணப்பமே மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்னும் நூல். அவருடைய திட்டச் சிந்தனை முழு வடிவம் கொண்டது இதில்தான். அடிப்படைத் தொழில்கள் அரசுடைமை ஆக வேண்டும். நிலம் முழுவதையும் அரசு இழப்பீடு கொடுத்து எடுத்து, பண்ணைகளாக வகுத்து, சாதி சமய வேறுபாடின்றி ஊர்க் குடும்பங்களுக்குக் கூட்டாகக் குத்தகைக்கு விட வேண்டும். நீரும் உழவு மாடும் கருவியும் எருவும் விதையும் அரசே தர வேண்டும். நிலவுடைமையாளன் என்றும் நிலமற்ற கூலி என்றும் ஊரில் இரு பிரிவு இருத்தல் ஆகாது. வயது வந்த ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கேற்ப ஆயுள் காப்பீடு செய்துகொள்ள வேண்டும். அக்காப்பீட்டுப் பணமே நாட்டின் திட்டங்களுக்கு முதலாக வேண்டும். பத்து ஆண்டுக்குள் இவையனைத்தும் நடைமுறைக்கு வர வேண்டும்.

இவற்றை அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று அவர் கேட்டதே இந்நூலின் உயிர்நாடி. பொருளாதாரத் திட்டம் பலன் தரப் பல்லாண்டு வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் பெரும்பான்மை மாறும். இன்று வகுத்ததை நாளை வருவோர் கைவிடலாம். சர்வாதிகாரி ஆளும் நாட்டில் திட்டம் நிலைத்து நிற்கும், ஆனால் அங்கே மனிதனுக்கு உரிமை இல்லை. குடியாட்சியையும் விடாமல் திட்டத்தையும் நிலைநிறுத்த வேண்டுமாயின், அதை எந்தப் பெரும்பான்மையும் எளிதில் தொட முடியாத சட்டமாக்குவது ஒன்றே வழி என்று கண்டார்.

அது ஏற்கப்படவில்லை. 1947 ஆகஸ்டு 29ஆம் நாள் வரைவுக் குழு அமைக்கப்பட்டு அவரே அதன் தலைவரானார் எனினும், அங்கே அவர் தம் நூலை அன்று, சபையின் முடிவைச் சட்டமாக வடிக்கும் பொறுப்பிலிருந்தார். செல்வம் ஒரு சிலர் கையில் குவியலாகாது என்பது 39ஆம் விதியில் இடம் பெற்றது. ஆயின் நெறிகாட்டும் கோட்பாடாக மட்டுமே, நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க இயலாத வடிவில். மாநிலங்களிடையே ஓடும் ஆறுகள், நிதிப் பகிர்வுக் குழு, பொருளாதார, சமுதாயத் திட்டமிடல் ஆகியவற்றுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. திட்டக் குழுவுக்கு மட்டும் இல்லை. 1950 மார்ச்சு 15ஆம் நாள் அமைச்சரவையின் ஒரு தீர்மானத்தால் அது பிறந்தது.

அதிலும் அண்ணலுக்கு இடமில்லை. சட்ட அமைச்சர் பதவி ஏற்கும்போதே, தமக்குப் பொருளாதாரத் துறையில் பயிற்சி உண்டு என்பதை அவர் எடுத்துரைத்திருந்தார். திட்டத் துறை உருவாகும்போது அது அவருக்குத் தரப்படும் என்று பிரதமர் நேரு வாக்களித்திருந்தார். துறை உருவாயிற்று, அவர் விடப்பட்டார். அமைச்சரவையின் முக்கியக் குழுக்களிலும் அவர் சேர்க்கப்படவில்லை. 1951 செப்டம்பரில் பதவி துறந்தபோது, இந்துச் சட்டத் தொகுப்பு கைவிடப்பட்டதையே பெருங்காரணமாகச் சொன்னார்; எனினும் தம் அறிக்கையில் இக்குறையையும் மறவாது குறித்தார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளாதாரம் கற்று, நான்கு ஆண்டு நாட்டின் நீருக்கும் மின்சாரத்துக்கும் வழிவகுத்தவருக்குத் திட்ட மேசையில் ஒரு நாற்காலி இல்லாமற் போனதை என்னவென்பது! இழப்பு அவருக்கு மட்டுமா? முதல் ஐந்தாண்டுத் திட்டம் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் பெருந்தொகை ஒதுக்கித் தாமோதரையும் ஹிராகுட்டையும் முன்னே வைத்தது. கருவியைத் தந்தவர் வெளியே நின்றார். இதனால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று மேசையிலிருந்து விடாமல் கேட்கும் குரலும் அவரோடு வெளியே போயிற்று.

அதன் விளைவு பின்னே தெரிந்தது. எட்டு அணைகளில் தாமோதர்க் கழகம் கட்டியவை திலையா, கோனார், மைதான், பஞ்சேத் என நான்கே. ஹிராகுட் நீர்த்தேக்கத்தில் இருநூறுக்கு மேற்பட்ட ஊர்கள் மூழ்கின. பட்டா இல்லாத கூலிகளும் பழங்குடியினரும் பெற்ற இழப்பீடு அற்பம். பேரணைகளில் அண்ணல் வைத்திருந்த நம்பிக்கை அக்காலத்துக்குரியது. ஊர் இழப்போரின் துயரை அந்நம்பிக்கை போதிய அளவு எண்ணியதா என்று இன்று கேட்பது அவருக்கு இழைக்கும் அவமதிப்பு ஆகாது. நம் மக்களின் தொகைக்கேற்பத் திட்டப் பணம் ஒதுக்கும் சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80இல்தான் வந்தது. அதுவும் சட்டமன்று, வெறும் நெறிமுறை. ஆகவேதான் 2010இல் தில்லியில் அந்நிதியிலிருந்து 600 கோடி ரூபாய்க்கு மேல் காமன்வெல்த் விளையாட்டுக்குத் திருப்பப்பட முடிந்தது. அதைச் சட்டமாக்க ஆந்திரமும் கருநாடகமும் 2013இலும், தமிழ்நாடு 2024இலும் முன்வந்தன. தீர்மானத்தால் பிறந்த திட்டக் குழுவோ, 2015 ஜனவரி முதல் நாள் நிதி ஆயோக் அமைந்தபோது மற்றொரு தீர்மானத்தால் மறைந்தது.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் பல இலட்சம் மக்களோடு புத்த நெறி தழுவினார். அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் தில்லி இல்லத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். முப்பத்தெட்டு நாள் கழித்து, 1957 ஜனவரி 13ஆம் நாள், ஹிராகுட் அணையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார்.